கூட்டத்துக்கு யார் கூட்டிப்போவது?

டாஸ்மாக் கடைக்கு யாரும் வழி கேட்பதில்லை. எந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கினாலும், ஆட்கள் வேகமாக நடக்கிற திசையைப் பார்த்தால் போதும். 2023-ல் ஒரே நாளில் 500 கடைகளை மூடிய பிறகும் தமிழ்நாட்டில் 4,829 கடைகள் மிஞ்சின. பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்குச் சாத்துகிறார்கள். 2024-25 நிதியாண்டில் இந்தக் கடைகளால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 48,344 கோடி ரூபாய்.

அதே ஊரில், அதே மாலையில், ஒரு பள்ளி வகுப்பறையிலோ தேவாலயத்தை ஒட்டிய சின்ன ஹாலிலோ பத்துப் பதினைந்து பேர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம். குடியை விட்டவர்கள், விட முயல்பவர்கள், நேற்று விட்டு இன்று மறுபடி தொட்டவர்கள் என எல்லாரும் அதில் உண்டு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ. அந்த அறைக்கு வெளியே பெரிய போர்டு இருக்காது. சுவரொட்டி, டி.வி. விளம்பரம் எதுவும் கிடையாது. கட்டணமும் இல்லை. விளம்பரம் இல்லாததாலேயே, தேவைப்படுகிற பலருக்கு அது இருப்பது தெரிவதில்லை. தெரிந்தவர்களிலும் சிலர் வாசல் வரை வந்து திரும்பிப் போய்விடுகிறார்கள்.

2019-ல் மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு ஒரு கணக்கைச் சொன்னது. இந்தியாவில் குடிப்பவர்கள் சுமார் 16 கோடி. குடியால் உண்டான பிரச்சினைக்கு உதவி தேவைப்படுகிறவர்கள் 5.7 கோடி. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ பெற்றிருந்தார். மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை எடுத்தவர் 180 பேருக்கு ஒருவர்.

மிச்சமுள்ள 37 பேருக்கும் அக்கறை இல்லை என்று சொல்லிவிட முடியாது. பொங்கலுக்கு ஒரு சத்தியம், ஆடிக்கு ஒரு சத்தியம், பழனிக்கு மாலை, சபரிமலைக்கு மாலை என்று 41 நாள், 48 நாள் சுத்தமாக இருந்து காட்டியவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். நிறுத்துவது பலருக்கும் முடிகிறது. மாலையைக் கழற்றிய மறுநாள் என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். குழுக் கூட்டங்கள் கையில் எடுத்துக்கொண்டது அந்த மறுநாளைத்தான்.

மேஃப்ளவர் ஓட்டலின் தொலைபேசி

இந்தக் கூட்டங்கள் எப்படிப் பிறந்தன என்ற கதையை உறுப்பினர்கள் அலுக்காமல் சொல்வார்கள். அதில் காரணம் இருக்கிறது.

1935 மே மாதம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் அக்ரான் என்ற ரப்பர் தொழில் நகரம். நியூயார்க்கிலிருந்து வியாபார விஷயமாக வந்திருந்த பில் வில்சன் என்ற பங்குச்சந்தைத் தரகர், போன காரியம் தோற்று, கையில் பணமும் இல்லாமல் மேஃப்ளவர் ஓட்டலின் முன்கூடத்தில் நின்றிருந்தார். குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்பும் பேச்சும் கேட்கிறது. இன்னொரு பக்கம் தொலைபேசியும், அருகே ஊர்த் தேவாலயங்களின் பட்டியலும்.

அந்த ஐந்து மாதமும் நியூயார்க்கில் அவர் சும்மா இருக்கவில்லை. குடிகாரர்களைத் தேடித் தேடிப் போய்ப் புத்தி சொல்லியிருந்தார். ஒருவர்கூடத் திருந்தவில்லை. ஆனால் அப்படி அலைந்த காலம் முழுக்க அவர் மட்டும் குடிக்காமல் இருந்தார். இதைக் கவனித்துச் சொன்னவர் அவர் மனைவி லோயிஸ். பிரசங்கத்தைக் குறைத்துக்கொள் என்று எச்சரித்தவர் அவருக்குச் சிகிச்சை கொடுத்த டாக்டர் சில்க்வொர்த். இரண்டும் அந்த ஓட்டலில் அவருக்கு நினைவுக்கு வந்தன. இன்னொரு குடிகாரனோடு பேசாவிட்டால் இன்றைக்குத் தான் காலி என்று புரிந்தது. பட்டியலில் இருந்த ஒரு பாதிரியாரை அழைத்தார். அங்கிருந்து ஒவ்வொரு எண்ணாகப் போய், கடைசியில் ஹென்றியட்டா சைபர்லிங் என்ற பெண்மணி கிடைத்தார். அவருக்கு ஒரு குடிகார டாக்டரைத் தெரிந்திருந்தது.

அந்த டாக்டர் ராபர்ட் (பாப்) ஸ்மித், அறுவைச் சிகிச்சை நிபுணர். அன்றைக்கே சந்திக்க முடியவில்லை. மறுநாள் அன்னையர் தினம் என்பதால் மனைவிக்கு ஒரு பூந்தொட்டி வாங்கி வந்தவர், தொட்டியை மேசைமேல் வைத்துவிட்டுப் போதையில் மேசைக்கடியில் சாய்ந்துவிட்டிருந்தார். அடுத்த நாள் மே 12, மாலை 5 மணி. கை நடுங்க வந்தவர், பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார். வெளியே வரும்போது இரவு 11 மணி தாண்டிவிட்டது. பில் அவருக்கு எந்தப் புத்தியும் சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னார், உதவி கேட்டும் வந்திருந்தார். அதுவரை டாக்டருக்கு அறிவுரை சொன்ன எவரும் அவரிடம் உதவி கேட்டதில்லை.

டாக்டர் பாப் உடனே திருந்திவிடவில்லை. சில வாரத்தில் மருத்துவ மாநாட்டுக்கு அட்லாண்டிக் சிட்டி போய் மறுபடி குடித்துவிட்டு வந்தார். திரும்பியதும் ஓர் அறுவைச் சிகிச்சை காத்திருந்தது. கை நடுக்கம் நிற்கட்டும் என்று பில்லே அவருக்கு ஒரு பியர் கொடுத்தார். அதுதான் அவருடைய கடைசிப் பியர். ஏஏ தன் பிறந்தநாளாகக் கொண்டாடும் 1935 ஜூன் 10, அந்த நாள்தான். 1950-ல் இறக்கும்வரை அவர் குடிக்கவில்லை.

அந்தச் சந்திப்புக்கு நான்கு ஆண்டு கழித்து வெளியான அவர்களுடைய புத்தகம், குடியிலிருந்து மீள்வதற்கான 12 படிகள், குழுக்களை நடத்துவதற்கென 1950-ல் ஏற்றுக்கொண்ட 12 மரபுகள் எல்லாம் அந்த ஒரு மாலையின் விரிவுரைதான். 1941 மார்ச்சில் ஜாக் அலெக்சாண்டர் என்ற பத்திரிகையாளர் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில் இவர்களைப் பற்றி எழுதினார். அதுவரை சுமார் 2,000 பேராக இருந்த அமைப்பு அந்த ஆண்டு முடிவதற்குள் 8,000 ஆனது. இன்று சுமார் 180 நாடுகளில் 20 லட்சம் பேர் என்கிறார்கள்.

இந்தியாவில் 1957-ல் மும்பையில் தொடங்கியது. சென்னையில் இந்த முறை மருத்துவமனைக்குள் நுழைந்ததற்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் துக்கம் இருக்கிறது. முன்னாள் மத்திய நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பேரன் டி.டி.ரங்கநாதன் குடிநோயால் 1979-ல் இளவயதிலேயே இறந்துபோனார். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் அமெரிக்காவின் ஹேசல்டன் போதை மீட்பு மையத்துக்குப் போய்ப் பயிற்சி எடுத்துத் திரும்பி, 1980-ல் கணவர் பெயரிலேயே அறக்கட்டளை தொடங்கினார். ஊர் அதை டி.டி.கே. மருத்துவமனை என்கிறது. குடி ஒரு நோய், குடிப்பவர் நோயாளி, அவருடைய குடும்பத்துக்கும் சிகிச்சை வேண்டும் என்ற பேச்சு தமிழ்நாட்டில் பரவியதில் அந்த மருத்துவமனைக்குப் பெரிய பங்கு உண்டு. 1992-ல் சாந்தி ரங்கநாதனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

முகவரி கொடுத்தால் போதுமா?

வழக்கமாக நடப்பது இதுதான். மனநல மருத்துவர் பத்து நாள் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, “ஏஏ மீட்டிங் போங்க” என்று சீட்டின் ஓரத்தில் ஒரு போன் நம்பரையும் எழுதுவார். சீட்டு சட்டைப்பையில் நனைந்து, துவைத்து, காய்ந்து போகும்.

இந்த இடத்தில் 1981-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைச் சொல்லியாக வேண்டும். சிசன், மேலம்ஸ் என்ற இருவர் செய்தது. மொத்தமே 20 நோயாளிகள்தான். பாதிப் பேருக்குக் கூட்டம் நடக்கும் இடம், நாள், நேரம் எல்லாம் தெளிவாகச் சொல்லி, கட்டாயம் போங்கள் என்று அனுப்பினார்கள். மீதிப் பேருக்கு ஆலோசகர் அவர்கள் கண்முன்னாலேயே ஓர் ஏஏ உறுப்பினரை போனில் அழைத்துப் பேசவைத்தார். அந்த உறுப்பினர், நானே வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லி, முந்தைய இரவு இன்னொரு முறை அழைத்து நினைவூட்டினார். இரண்டாவது பிரிவில் எல்லாருமே கூட்டத்துக்குப் போனார்கள். முதல் பிரிவில் ஒருவர்கூடப் போகவில்லை.

20 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் ஒரு கல்யாணத்துக்கே தனியாகப் போகக் கூச்சப்படுகிற நம் ஊரில், ‘நான் குடிகாரன்’ என்று சொல்ல வேண்டிய இடத்துக்கு ஒரு மனிதர் தன்னந்தனியே வந்து சேர்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. மருத்துவர்களும் ஆலோசகர்களும் சீட்டில் எண் எழுதுவதற்குப் பதில் அந்த எண்ணை அங்கேயே அழைத்துக் கொடுத்தால் என்ன? செலவு ஐந்து நிமிடம்.

தேடுகிறவருக்கு இன்று சில வாசல்கள் உண்டு. மத்திய அரசின் போதை மீட்பு இலவச உதவி எண் 14446. மனநலத்துக்கான டெலி மானஸ் எண் 14416. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேட்டாலும் உள்ளூர்க் குழுவின் தொடர்பு கிடைக்கும். ஏஏ இந்தியாவின் இணையதளத்திலும் ஊர்வாரியாகப் பார்க்கலாம். சென்னை மட்டுமல்ல, கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களிலும் குழுக்கள் இருக்கின்றன. சென்னையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் கூட்டங்கள் நடக்கின்றன. கிராமத்தில் இருப்பவருக்குத்தான் கஷ்டம், கடைசிப் பேருந்துக்குள் திரும்ப வேண்டும்.

ஏஏ எண்ணை அழைத்தால் எடுப்பவர் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் ஊழியர் அல்ல. அவரும் ஒரு நாள் இதேபோல் நடுக்கத்தோடு யாரையோ அழைத்தவர். மனைவியோ அம்மாவோ பேசினால் பொறுமையாகக் கேட்பார், ஆனால் முடிந்தால் அவரையே பேசச் சொல்லுங்கள் என்பார். குடிப்பவர் தானே ஒரு வார்த்தை பேசிவிட்டால் மீதி வேலை சுலபம் என்பது அவர்கள் அனுபவம்.

அறைக்குள்

முதல் முறை போகிறவர் பெரும்பாலும் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் இடம் பிடிப்பார். யாரும் படிவம் நீட்ட மாட்டார்கள். முழுப்பெயர், ஜாதி, வேலை, விலாசம் எதுவும் கேட்பதில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்கான தகுதி. நிறுத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கூட்டம் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் நடக்கும். திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம், மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும்.

சுவரில் 12 படிகளும் 12 மரபுகளும் எழுதிய பேனர் தொங்கும். கொஞ்ச நேரம் மௌனம், ஒரு சின்னப் பிரார்த்தனை. பிறகு ஒவ்வொருவராக எழுந்து பெயர் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்குவார்கள். முன்னே எப்படி இருந்தேன், என்ன ஆயிற்று, இப்போது எப்படி இருக்கிறேன் என்ற மூன்று வளைவுக்குள் எல்லாக் கதையும் அடங்கிவிடும். மகள் காதுகுத்துக்கு வைத்திருந்த பணம், மாமனார் காரியத்தில் விழுந்துகிடந்த அவமானம், ஆபீஸ் பாத்ரூமில் ஒளித்த குவார்ட்டர் என்று இப்படிப்பட்ட கதைகள்தான். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட மாட்டார், முடித்த பிறகும் அறிவுரை சொல்ல மாட்டார். நம் வீடுகளில் குடிப்பவரிடம் இப்படி யாரும் பேசவிட்டுக் கேட்டதில்லை என்பதால், முதல் கூட்டத்தில் பலரைத் திகைக்கவைப்பது இதுதான். இன்னொன்று, சிரிப்பு. எந்தக் கதையைச் சொல்ல நாக்கு கூசி வந்தாரோ, அதே கதையை வேறொருவர் சொல்லி அறையே சிரிக்கும்.

புதியவர் பேசத்தான் வேண்டும் என்றில்லை. “கேட்க வந்தேன்” என்று உட்கார்ந்துவிடலாம். ஒரு பை சுற்றி வரும், போட விரும்பியவர் பத்தோ இருபதோ போடுவார். டீக்கும் பிஸ்கட்டுக்கும் அறை வாடகைக்கும் அதுதான். வெளியார் நன்கொடையை வாங்குவதில்லை என்பது மரபு. ஆரம்ப காலத்தில் கோடீஸ்வரர் ஜான் ராக்ஃபெல்லரிடம் பெரிய தொகை கேட்டுப் போனார்கள். அவர் 5,000 டாலர் மட்டும் ஏற்பாடு செய்துவிட்டு, பணம் இந்த முயற்சியைக் கெடுத்துவிடும் என்றார். அன்றைக்கு வருத்தப்பட்டவர்களே பிறகு அதைக் கொள்கையாக ஆக்கிக்கொண்டார்கள்.

கூட்டம் பெரும்பாலும் மாலையில் நடப்பது தற்செயல் அல்ல. வேலை முடிந்து வீட்டுக்குப் போவதற்குள் இருக்கும் அந்த இரண்டு மணி நேரம்தான் கால் தானாகக் கடைப்பக்கம் திரும்பும் நேரம். தொடக்கத்தில் 90 நாளில் 90 கூட்டம் என்று மூத்தவர்கள் வற்புறுத்துவது அதனால்தான். பசி, கோபம், தனிமை, களைப்பு நான்கில் எது வந்தாலும் உஷார் என்பதும் அங்கே அடிக்கடி காதில் விழும். நாள் போகப் போகப் புதியவர் தனக்கென ஒரு ‘ஸ்பான்சர்’ வைத்துக்கொள்வார். பண உதவி செய்பவர் அல்ல, இரவு 9 மணிக்கு மனசு அலையும்போது போன் பண்ணத் தோதான பழைய உறுப்பினர். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது வழக்கம்.

கடவுள் விஷயத்தில் இரண்டு தயக்கம் நம் ஊரில் உண்டு. தேவாலய வளாகத்தில் நடப்பதால் மதம் மாற்றும் வேலையோ என்ற சந்தேகம் ஒன்று. ஏஏ எந்த மதத்தையும் சேர்ந்ததில்லை, அங்கே வாடகைக்கு இருக்கிறது, அவ்வளவுதான். மற்றது, 12 படிகளில் கடவுள் வருவது. ‘தான் புரிந்துகொண்டபடியான கடவுள்’ என்ற சலுகை இருந்தாலும் பகுத்தறிவாளர் ஒருவருக்கு அது உறுத்தலாம். உறுத்தல் புதிதல்ல, சிகாகோவில் 1975-லேயே கடவுள் மறுப்பாளர்கள் தனி ஏஏ குழு தொடங்கிவிட்டார்கள். 12 படிகளே வேண்டாம் என்பவர்களுக்காக 1994-ல் ஸ்மார்ட் ரெகவரி என்ற வேறு அமைப்பும் வந்தது.

பெண்களின் நிலைமை இன்னும் சிக்கல். அமெரிக்காவில் மார்ட்டி மேன் என்ற பெண் 1939-லேயே ஏஏ மூலம் மீண்டு, குடி ஒரு நோய் என்று நாடு முழுக்கப் பிரசாரம் செய்தார். இங்கே குடிக்கிற பெண் வீட்டுக்குள்ளேயே மறைந்துகொள்கிறார். ஆண்கள் நிறைந்த அறைக்கு வருவதைவிட மாதக்கணக்கில் பொய் சொல்வது அவருக்கு எளிது. 2020 ஊரடங்கில் கூட்டங்கள் ஜூமுக்கு மாறியபோது, கேமராவை அணைத்துவிட்டுக் கேட்கும் வசதி இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு கதவைத் திறந்தது. அந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. அதே 2020 மே 7-ம் தேதி டாஸ்மாக் மீண்டும் திறந்தபோது வரிசை எவ்வளவு தூரம் நீண்டது என்பதை எல்லாரும் டி.வி.யில் பார்த்தோம்.

முதலில் மருத்துவமனை

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஏஏ சிகிச்சை தருவதில்லை. பல ஆண்டு தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் உடல் நடுங்கி, இல்லாத பூச்சியும் பாம்பும் கண்ணுக்குத் தெரிகிற டெலிரியம் வரலாம். சாமி வந்துவிட்டது, பேய் பிடித்துவிட்டது என்று நினைத்து வீட்டில் வைத்திருந்து இழந்த குடும்பங்கள் உண்டு. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை என்றாலே மருத்துவரிடம் போக வேண்டும். தயமின் ஊசியும் நடுக்கத்துக்கான மருந்தும் அங்கேதான் கிடைக்கும்.

‘அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்று விற்கும் பொடிகளை வாங்காதீர்கள். டைசல்ஃபிரம் போன்ற மருந்தைத் தெரியாமல் உண்டவர் மேலே குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கிவிழலாம், இதயமே தடுமாறலாம். ஆளைக் கட்டித் தூக்கிப்போய் மாதக்கணக்கில் அடைத்துவைக்கும் மையங்களும் வேண்டாம். 2017-ம் ஆண்டு மனநலச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த இடமா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சரி, கூட்டம் உண்மையில் பயன் தருகிறதா? யார் வந்தார், யார் நின்றார் என்று ஏஏ பட்டியல் வைத்துக்கொள்வதில்லை. அதனால் பல காலம் இது நம்பிக்கை சார்ந்த பேச்சாகவே இருந்தது. 2020-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. நோயாளியை ஏஏ-வோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சையில் ஓராண்டுக்குப் பிறகு முழுக்கக் குடிக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம், மற்ற சிகிச்சைகளில் 35 சதவீதம். பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஏஏ கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது. 42 என்றால் மீதி 58 பேர் ஓராண்டுக்குள் ஒரு முறையாவது தொட்டிருக்கிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அறையில் அதற்கு ‘ஸ்லிப்’ என்று பெயர். சறுக்கியவர் திரும்பி வந்தால் ஏன் என்று யாரும் விசாரிப்பதில்லை. நாள் கணக்கு மட்டும் ஒன்றிலிருந்து தொடங்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

ஏஏ தொடங்கிய காலத்திலிருந்தே கணவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்க, மனைவிகள் வெளியே காத்திருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் அவர்களும் பேச ஆரம்பித்தார்கள். அதிலிருந்து 1951-ல் லோயிஸ் வில்சன் வேறொரு தோழியோடு சேர்ந்து உருவாக்கியது அல்-அனான். குடிப்பவர்களின் மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகளுக்கான கூட்டம் அது. பதின்வயதினருக்கு அலட்டீன் 1957-ல் வந்தது. தமிழ்நாட்டிலும் அல்-அனான் கூட்டங்கள் உண்டு.

அங்கே கணவரைத் திருத்தும் உபாயம் சொல்லித்தர மாட்டார்கள் என்பது முதலில் ஏமாற்றமாக இருக்கும். ஆபீசுக்கு போன் செய்து “அவருக்குக் காய்ச்சல்” என்று பொய் சொல்வதை நிறுத்துவது, கடன்காரனுக்குத் தாலிக்கொடியை அடகு வைத்துக் கட்டுவதை நிறுத்துவது, இரவு 2 மணி வரை வாசலில் உட்கார்ந்திருக்காமல் தூங்கப்போவது, அடி விழும் வீடு என்றால் முதலில் பிள்ளைகளோடு பத்திரமான இடத்துக்குப் போவது என்று பேச்சு வேறு திசையில் போகும். கணவர் குடியை விட்டிருக்க வேண்டும், ஏஏ-வுக்குப் போக ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் அங்கே கிடையாது. அவர் டாஸ்மாக்கில் இருக்கும் நேரத்திலும் போகலாம்.